செல்வி தண்ணீர் கேட்டாள்

சண்டைப் படங்களில் நடிக்கிற, குதிக்கிற பெண்களே, நீங்கள் அனுப்புகிற வீடியோக்களை நான் ஒழுங்காகப் பார்ப்பதே இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மாடியிலிருந்து மாடிக்குத் தாவுகிறீர்கள், பின்னால் இசை அதிர்கிறது, கீழே வரிசையாக இதயங்கள் குவிகின்றன. நான் மட்டும் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் இடுப்பிலிருந்து கிளம்புகிற கயிறு எங்கே போய்க் கட்டியிருக்கிறது என்று தேடுவேன். தெரியாது. படத்துக்கு வெளியே கூரையில் எங்கேயோ இருக்கும். நீங்கள் தரையில் நின்று சிரித்துக் கை ஆட்டும்போதுதான் எனக்கு மூச்சு வரும். "சூப்பர்மா" என்று பதில் போட்டுவிட்டுப் போய் மின்விசிறிக்குக் கீழே உட்காருவேன்.

காலையில் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடக்கப் போவது வழக்கம். வாக்கிங் வருகிறவர்களில் யாராவது நிறுத்தி, "மேடம், உங்களுக்கு பயம்னா என்னன்னே தெரியாதுல்ல?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். கரையிலிருந்து இறங்குகிற சின்னச் சரிவில்கூட யாராவது கை கொடுக்க மாட்டார்களா என்று பார்க்கிற முழங்கால்கள் என்னுடையவை. அவர்களிடம் போய் என்னத்தைச் சொல்வது?

உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. என் தொழில் முழுவதையும் பயந்துகொண்டேதான் செய்தேன். படங்களில் போலீஸ் அதிகாரியாகவும் கொள்ளைக்காரியாகவும் அண்ணன் சாவுக்குப் பழிவாங்கும் தங்கையாகவும் எத்தனையோ ஆண்களைத் துவைத்து எடுத்திருக்கிறேன். சண்டைக் காட்சி இருக்கிற நாளில் காலையில் ஒரு இட்லி உள்ளே இறங்காது. அம்மா தாம்பரத்தில் பள்ளிக்கூட டீச்சர். நான் கிளம்பும்போது வாசலில் நின்று என் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார். ஆனால் "பத்திரமா வா" என்று மட்டும் சொல்ல மாட்டார். சொன்னால் ஏதாவது நடந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். பயம் எங்கள் வீட்டுப் பரம்பரைச் சொத்து.

பயப்படுவது தப்பே இல்லை. நம் தொழிலில் அதை வாய்விட்டுச் சொல்ல வழி இல்லை என்பதுதான் தப்பு. ஒரு ஃபைட்டர் "மாஸ்டர், இது எனக்குச் சரியாப் படல" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அடுத்த படத்துக்கு அவருக்குப் போன் வராது. அதனால் எல்லாரும் வேறு விதமாகச் சொல்வார்கள். ஒழுங்காகக் கட்டியிருக்கிற ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள். இப்போதுதான் போய்விட்டு வந்த பாத்ரூமுக்கு இன்னொரு தடவை போவார்கள். நான் டச்சப் கேட்பேன். முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இருக்காது, ஆனாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு துடைத்துக்கொண்டே இருப்பேன். மேக்கப் போடுகிற அக்காவுக்கு மட்டும் விஷயம் புரியும், பேசாமல் பஃப்பை நீட்டுவார். பக்கத்தில் இருக்கிறவர்களுடைய இந்தப் பாஷை உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் செல்வியைப் பற்றி எழுதுகிறேன்.

செல்வி என் டூப். அவள் வருவதற்கு முன்பு எனக்கு டூப் போட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். மீசையை எடுத்துவிட்டு, விக் வைத்துக்கொண்டு, என் சுடிதாரை மாட்டிக்கொண்டு குதிப்பார்கள். முதல் படத்தைக் குரோம்பேட்டையில் குடும்பத்தோடு பார்க்கப் போயிருந்தேன். நான் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்கிற இடத்தில் சுடிதார் மேலேறிக் கெண்டைக்கால் பளிச்சென்று தெரிந்தது. பின் வரிசையில் ஒருவன், "மச்சான், அக்கா ஷேவ் பண்ல பார்டா" என்றான். தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, சிரிப்பு காதில் விழாதது மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்காக எலும்பை உடைத்துக்கொண்ட அந்த மனிதர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் எனக்குப் பெண்தான் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எந்தத் தயாரிப்பு மேனேஜரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான். "பொம்பளைங்க இதுக்கெல்லாம் வர மாட்டாங்க மேடம். வந்தாலும் கடைசி நேரத்துல பயந்துடுவாங்க. அப்புறம் அன்னிக்கு ஷூட்டிங்கே போச்சு." கேட்டுக் கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு ஃபைட் மாஸ்டர் செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் கபடி ஆட்டம் ஒன்றில் அவளைப் பார்த்தாராம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். என் உயரம், என் தோள். பின்னாலிருந்து பார்த்தால் என் அம்மாவே ஏமாந்துபோவார்.

அவள் வந்த பிறகும் மேனேஜர்கள் மாறவில்லை. பெரிய ஷாட் இருக்கிற நாட்களில் ஒரு ஆண் ஃபைட்டரையும் வரவழைத்து ஓரமாக உட்காரவைப்பார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் விக் இருக்கும். "ஒரு சேஃப்டிக்குத்தான் மேடம்" என்பார்கள். செல்வி எங்கே நின்று பார்த்தாலும் அந்தக் கவர் அவள் கண்ணில் படுகிற மாதிரிதான் இருக்கும்.

ஒரு நாள் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பழைய ஷெட்டில் படப்பிடிப்பு. ஞாயிற்றுக்கிழமை, அக்கம்பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் மூடியிருந்தன. தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தோம். வில்லன் ஆட்கள் துரத்த, நான் மேல் தளத்திலிருந்து ஷெட்டின் குறுக்கே பாய்ந்து, எதிரில் நிற்கிற லாரியின் மேல் இறங்க வேண்டும். நடுவில் கீழே வெறும் சிமென்ட் தரை, அதில் பழைய எந்திரம் ஒன்றின் இரும்பு அடிப்பாகம். கேமராவில் தெரியும் என்பதால் அங்கே மெத்தை போட முடியாது. பாய்கிற ஆளின் இடுப்பு பெல்ட்டிலிருந்து போகிற கயிறு கூரை இரும்பில் மாட்டிய உருளை வழியாக வந்து கீழே நிற்கிறவர்கள் கையில் இருக்கும். காலையில் மணல் மூட்டையைக் கட்டி அனுப்பிப் பார்த்தார்கள், அழகாகப் போய் லாரிமேல் உட்கார்ந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டைரக்டருக்கு ஒரு யோசனை வந்தது. கூரை ஓட்டை வழியாக வெயில் ஒரு தூண் மாதிரி இறங்குகிறது, செல்வி அதற்குள் பாய்ந்து போனால் நன்றாக இருக்கும் என்றார். கேமரா நகர்ந்தது. உருளையும் அடுத்த இரும்புக்கு மாறியது. மூட்டையை மறுபடி அனுப்பிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. "வெளிச்சம் போயிடும், சீக்கிரம்" என்று டைரக்டர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் குதிக்கிற ஷாட்டாக இருந்தால் நடைமுறையே வேறு. எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் முடிந்து, மாஸ்டர் தானே மேலே ஏறிக் கயிற்றில் தொங்கிப் பார்த்துவிட்டு இறங்கிய பிறகுதான் என்னை ஏறச் சொல்வார்கள். டூப்புக்கு அதெல்லாம் கிடையாது. கீழேயிருந்து "ரெடியா?" என்று ஒரு குரல், மேலேயிருந்து ஒரு கட்டைவிரல். எல்லா செட்டிலும் இதுதான் பழக்கம் என்பதால் இதில் என்ன வித்தியாசம் இருக்கிறது என்று யாரும் நின்று யோசித்ததில்லை.

நான் ஏணிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். செல்வி என்னுடைய அதே கறுப்பு உடையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். ஒத்திகைக்காகக் கொஞ்சம் தூக்கி இறக்கினார்கள். இறங்கி நின்றவள் மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு, "அண்ணா, கொஞ்சம் தண்ணி" என்றாள்.

தண்ணீர் பாட்டில் வந்தது. உதட்டை நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். ஏணியில் கால் வைத்தவள் மறுபடி இறங்கி, "அண்ணா, அந்தத் தண்ணி" என்றாள்.

பெல்ட்டை இறுக்கிய பிறகு ஃபைட்டர்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கயிறு இழுக்கும்போது வயிற்றைப் புரட்டிவிடும். செல்வியோ குதிக்கிற நாளில் காலையிலிருந்தே கணக்காகக் குடிக்கிறவள். நான் எழுந்து பக்கத்தில் போனேன்.

"என்ன செல்வி?"

"ஒன்னியும் இல்லக்கா. தொண்ட காஞ்சிகீது."

"மேல ஏதாவது சரியில்லையா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஓரத்து நாற்காலியில் இருந்த விக் கவரைப் பார்த்தாள். "அதெல்லாம் இல்லக்கா. வெளிச்சம் போவுது, நான் ஏர்றேன்."

அந்தச் சில நொடிகளில் என் மனது ஓடிய ஓட்டத்தை எப்படிச் சொல்வது? நிறுத்துங்கள் என்று நான் கத்தினால், ஏன் என்று கேட்பார்கள். செல்வி பயப்படுகிறாள் என்று சொல்ல வேண்டும். சொன்ன அடுத்த நிமிடம் மேனேஜர் விக்கை வெளியே எடுத்து உதறுவார். இவ்வளவு படங்களில் அவள் குதித்துச் சம்பாதித்த இடம் போய்விடும். அவளோடு, அவளுக்குப் பின்னால் வரப்போகிற பெண்களின் இடமும் போய்விடும். சும்மா இருந்துவிடலாம் என்றால், மேலே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அவள் ஏணியில் பாதி ஏறிவிட்டாள்.

"மாஸ்டர்," என்றேன். "இந்த ஷாட்டை நானே பண்றேன்."

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று புரிந்தது. என் முழங்கால் அப்போதே கெட்டுப்போயிருந்தது. அந்த உயரத்திலிருந்து நான் குதித்து வெகுகாலம் ஆகியிருந்தது. டைரக்டர் மைக்கை இறக்கினார். மேனேஜர் தயாரிப்பாளருக்குப் போன் போட ஓடினார். செல்வி ஏணியிலிருந்து இறங்கி வந்து, பெல்ட்டைக் கழற்றி என் கையில் திணித்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"என் ஷாட்ட ஏன்க்கா புடுங்கின?" என்று என் காதோரம் கேட்டுவிட்டு விலகிப் போனாள். எப்போதும் நீங்க என்று பேசுகிறவள்.

மாஸ்டர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே, வெளிச்சம் போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே ஏறினார். யாரோ எலுமிச்சம்பழம் தேடி ஓடினார்கள். நான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் இறங்கி வந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நான் குதித்தாக வேண்டும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இந்த ஒரு தடவை காப்பாற்றிவிடு ஆண்டவரே என்று வேண்டினேன், செல்விக்காகவா எனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

மாஸ்டர் மேலே வெகுநேரம் நின்றார். பிறகு சத்தமாக, "மேடம், எதுக்கும் மூட்டைய ஒரு தடவ அனுப்பிப் பாத்துடலாம்" என்றார்.

மூட்டையைக் கட்டி அனுப்பினார்கள். வெயில் தூண் வரைக்கும் அழகாகப் போனது. அங்கே மேலே "டப்" என்று ஒரு சத்தம். உருளையோடு ஒரு இரும்புத் துண்டும் கழன்று வந்தது. மூட்டை அந்த எந்திரத்தின் அடிப்பாகத்தில் அடித்துக் கிழிந்தது. மணல் என் கால் வரைக்கும் சிதறியது.

உருளையை மாட்டியிருந்தது கூரையின் இரும்பில் இல்லை. எந்தக் காலத்திலோ மின்விசிறி தொங்கவிட யாரோ பற்றவைத்த ஒரு துண்டு அது. மேலே ஒரே பெயின்ட் அடித்திருந்ததால் கூரையோடு கூரையாகத் தெரிந்திருக்கிறது. கயிறு கட்டிய அண்ணன் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர், அவசரத்தில் நடந்த தப்பு.

பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். "நல்லவேள, மேடம் போகல" என்றார் டைரக்டர். "நல்லவேள, மேடம் போகல" என்றார் மேனேஜர் போனில். லைட்மேன், டிரைவர், சாப்பாடு பரிமாறுகிறவர், எல்லார் வாயிலும் அதே பேச்சு. செல்வி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள், என் பக்கத்தில், என் உடையில். யாராவது ஒருவர் அவளைப் பார்த்து அதைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கேரவனுக்குள் அவளைக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல செல்வி?"

"இன்னான்னு சொல்றது? தூக்கும்போது மேல ஏதோ ஆடுன மாரி இருந்துச்சு. அது நெசமா, என் பயமான்னு எனக்கே தெரியலக்கா. பயமா கீதுன்னு சொன்னா அந்தக் கவரப் பிரிச்சிருப்பாங்க." இடுப்பில் பெல்ட் பதிந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு, "நான் தண்ணி கேட்டேன், தண்ணி குடுத்தாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க, மாஸ்டரே ஏறினாரு" என்றாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

உங்களில் சிலர் கதாநாயகியாக நடிக்கிறீர்கள், சிலர் கதாநாயகிக்காகக் குதிக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் கயிறு ஒன்றுதான், உயரமும் ஒன்றுதான். நடிக்கிறவர்கள் கேரவனுக்குள் உட்கார்ந்து போன் பார்க்காமல், உங்கள் உடையைப் போட்டுக்கொண்டு இன்னொருத்தி ஏறும்போது ஏணிக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள். உங்களுக்குச் செய்கிற சோதனையை அவளுக்கும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். குதிக்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. செல்வி மறுநாள் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் உருளையைக் கூரையின் முக்கிய இரும்பில் மாட்டினார்கள். மூட்டை ஒழுங்காகப் போய் வந்தது. மாஸ்டர் ஏறித் தொங்கிப் பார்த்துவிட்டு இறங்கினார். எலுமிச்சம்பழம், கற்பூரம், எல்லாம் ஆனது. எனக்குத்தான். டூப் இல்லாமல் குதிக்கும் வீர நாயகி என்று படக் கம்பெனி அதற்குள் என் படத்தோடு செய்தி போட்டுவிட்டிருந்தது. காலையிலிருந்து வாழ்த்துகள் வந்தபடி இருந்தன. அந்த நேரத்தில் செல்வி உடை மாற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"அக்கா, இது என் ஷாட்டு. குட்த்துடுங்க."

கொடுத்துவிட்டால், பேச்சு பேசிவிட்டுப் பின்வாங்கினாள் என்று என்னைச் சொல்வார்கள். கொடுக்காவிட்டால், நேற்று அவளைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவள் இடத்தை நானே பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"மாஸ்டர், எனக்கு பயமா இருக்கு. செல்வி பண்ணட்டும்."

அந்த வார்த்தையை ஒரு செட்டில் நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரோ சிரித்தார்கள். மேனேஜர் எழுந்து, "அப்ப நம்ம பையனையே கூப்ட்டுரலாமா சார்? எதுக்கு ரிஸ்க்கு?" என்று டைரக்டரிடம் கேட்டுக்கொண்டே கவரைக் கையில் எடுத்தார். நான் செய்த காரியம் இப்படித் திரும்பும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

செல்வி யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று ஏறிவிட்டாள். மேலே விளிம்பில் போய் நின்றாள். கயிற்றுக்காரர்கள் நிலையெடுத்தார்கள். மாஸ்டர் வழக்கம்போல் கீழேயிருந்து, "ரெடியா?" என்றார்.

கட்டைவிரல் உயரவில்லை.

"இல்ல மாஸ்டர்," என்றாள். "எனக்கும் பயமாத்தான் கீது. அக்காவுக்கு ஏறிப் பாத்தீங்களே, எனக்கும் ஒரு தபா ஏறிப் பாத்து சொல்லுங்க."

மேனேஜர் கையில் கவரோடு மாஸ்டரைப் பார்த்தார். டைரக்டர் கூரை ஓட்டையைப் பார்த்தார். நான் மாஸ்டரை மட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஏறி இறங்கியவர், வயதானவர், முதுகெல்லாம் வியர்வை. அத்தனை பேர் முன்னால் ஒரு டூப் அவரிடம் இப்படிக் கேட்டிருக்கிறாள். இறங்கி வா என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும்.

மாஸ்டர் குனிந்து செருப்பைக் கழற்றினார். ஏணியைப் பிடித்து மெதுவாக ஏறினார். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினார். உருளையை அசைத்துப் பார்த்தார், மேலே இரும்பைத் தட்டிப் பார்த்தார். பிறகு செல்வி பக்கத்தில் வந்து நின்று, அவள் இடுப்பு பெல்ட்டை ஒரு தடவை இழுத்து இறுக்கினார்.

"கயிறு நல்லா இருக்கும்மா. பயம் போச்சா?"

"போவல மாஸ்டர்," என்று சொல்லிவிட்டு செல்வி குதித்தாள்.